பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு வருட மிஷனுக்குப் போயிருக்கிறான், அங்கே நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்?

லீஹைவாசி எழுதியது:

யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் இருக்கிறேன், சால்ட் லேக் சிட்டிக்கும் ப்ரோவோவுக்கும் நடுவில். வந்து நாலு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் எங்களையும் இன்னொரு குடும்பத்தையும் தவிர எல்லாரும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள். நல்ல மனிதர்கள், நாங்கள் குடிவந்த அன்று மூன்று வீட்டிலிருந்து ரொட்டி வந்தது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு 18 வயது. பனிக்காலத்தில் நான் எழுந்திருப்பதற்குள் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போயிருப்பான், காசு கொடுத்தால் வாங்க மாட்டான். பள்ளி முடித்த கையோடு மிஷனுக்கு, அதாவது வெளியூர் போய்ச் சபையைப் பற்றிச் சொல்லும் ஊழியத்துக்கு, எழுதிப் போட்டான். எந்த நாட்டுக்கு என்பது அவன் கையில் இல்லை, சால்ட் லேக் தலைமையிடம்தான் முடிவு செய்யும். பதில் வந்த அன்று வீட்டில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சுவரில் உலக வரைபடம், ஆளுக்கொரு ஸ்டிக்கர், எந்த ஊர் வரும் என்று பந்தயம் மாதிரி ஒட்டச் சொன்னார்கள். நான் பெங்களூரில் ஒட்டினேன். பையன் லேப்டாப்பைத் திறந்து சத்தமாகப் படித்தான்: பிரேசில், ரெசிஃபி. எல்லாரும் கத்தினார்கள், அவன் அம்மா அழுதார், அவனோ மெதுவாகத் தம்பியிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

போய் ஏழு மாதம். என் மனைவிக்குத்தான் தாங்கவில்லை. யார் சமைத்துப் போடுகிறார்கள், துணி யார் துவைக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று தினமும் ஒரு கேள்வி. அவன் அம்மாவிடம் கேட்டால் "நன்றாக இருக்கிறான்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, ஜோடியாக நடப்பார்கள், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு பார்சல் அனுப்பலாம் என்றும் யோசனை.

குகன்_ஸ்கார்பரோ எழுதியது:

அண்ணை, அவங்கள் எங்கட வீட்டுக்கும் வந்தவங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம், வெளியில் மைனஸ் 20, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருக்கிறான்கள், காது இரண்டும் தக்காளி மாதிரி. யெகோவா ஆட்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்த அம்மா, குளிரில் நின்ற கோலத்தைப் பார்த்ததும் உள்ளே இருத்திவிட்டார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தால் ஒருவன் மற்றவன் முகத்தைப் பார்க்கிறான். குடிக்க மாட்டினமாம். தேத்தண்ணி, கோப்பி, சாராயம், சிகரெட் நாலும் அவங்களுக்கு ஆகாதாம். "என்ட வீட்டில தேத்தண்ணி குடிக்காமப் போறதோ" என்று அம்மாவுக்கு ஒரே கோபம். கடைசியில் மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தார், அதை இரண்டு கப் குடித்தான்கள்.

பெயர்ப்பட்டையில் எல்டர் என்று போட்டிருந்தது. நான் கருத்துச் சொன்னதும் அம்மா கேட்டது: "மீசை முளைக்காத பெடியன், இவர் மூத்தவரோ?"

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

எல்லாம் சரி, யாராவது நேராகப் பேசுங்கள். பதினெட்டு வயதுப் பையனைக் குடும்பத்திடமிருந்து பிரித்து, சொந்தக் காசைக் கட்டச் சொல்லி, படம் பார்க்காதே, பெண்ணோடு பழகாதே என்று பூட்டி வைத்து, இரண்டு வருடம் வெயிலில் தெருத் தெருவாக அலைய விடுவதற்குப் பெயர் ஊழியமா? சம்பளம் இல்லாத சேல்ஸ்மேன் வேலை. அதிலும் சேல்ஸ்மேன் மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

பழைய_எல்டர் எழுதியது:

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் கோயம்புத்தூர்க்காரன். 2009-லிருந்து 2011 வரை பெங்களூர் மிஷனில் இரண்டு வருடம் இருந்தேன், பெரும்பகுதி ஆந்திராவில். இப்போது சர்ச்சுக்குப் போவதில்லை, அது வேறு கதை. அதனால் விளம்பரமும் செய்ய மாட்டேன், வசவும் பாட மாட்டேன்.

முதலில் லீஹைவாசியின் மனைவிக்கு. துணியை அவனேதான் துவைப்பான். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்றே உண்டு, பெரும்பாலும் திங்கட்கிழமை, பி-டே (ப்ரிபரேஷன் டே) என்போம். துவைப்பது, கடைக்குப் போவது, முடிவெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்று சாயங்காலத்துக்குள். சமையல் காலையிலும் இரவிலும் அவர்கள் பாடு. ஆனால் பிரேசில் என்றால் கவலை வேண்டாம், மதியச் சாப்பாடு சபை உறுப்பினர்கள் வீட்டில் முறை வைத்துப் போடுவார்கள், சோறும் பீன்ஸ் குழம்பும் கண்டிப்பாக இருக்கும். இளைத்துத் திரும்பி வர மாட்டான்.

என் காலத்து நாள் இப்படி: 6:30-க்கு எழ வேண்டும், அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு, 8 மணிக்குத் தனியாகப் படிப்பு, 9 மணிக்கு ஜோடியோடு சேர்ந்து படிப்பு, மொழி கற்பவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும், பிறகு வெளியே. இரவு 9 மணிவாக்கில் வீடு, மறுநாள் திட்டம், 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தி ஊருக்குத் தக்கபடி நேரத்தை மாற்றிக்கொள்ள விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ராஜமுந்திரியில் மே மாத மதியம் இரண்டு மணிக்கு டை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறேன், சோடா விற்றவர் பரிதாபப்பட்டு எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

கதவு தட்டுவதுதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதில்லை. (நாங்கள் முன்பின் தெரியாத கதவைத் தட்டியதும் இல்லை, தெரிந்தவர் சொல்லி அழைத்த வீடுகளுக்குத்தான் போவோம்.) கஷ்டம் கம்பானியன். எப்போதும் இரண்டு பேர், ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். கடைக்கு, முடிவெட்ட, ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும். படுப்பதும் ஒரே அறையில். கூட யார் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர், அப்போது மாறினால் மாறியது, இல்லாவிட்டால் இன்னொரு ஆறு வாரம் அதே முகம். குளியலறை ஒன்றுதான் தனி இடம்.

என் இரண்டாவது ஜோடி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்தவன், 19 வயது, ஆறடி மூன்றங்குலம். அவன் குளிக்கப் போனால் நாற்பது நிமிடம் குழாய் ஓடும். மாடியில் தொட்டி காலியாகிவிட்டது என்று வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் நான் கதவைத் தட்டி, வாளியில் பிடித்துக் குளியேன்டா என்று சொல்லப் போனவன் நின்றுவிட்டேன். அவன் குளிக்கவில்லை. அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான். நான் திரும்பி வந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் குழாயில் வாஷர் போய்விட்டது என்று பொய் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்பதும் விதிதான்.

சும்மா_கேட்கிறேன்: ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் என்ன செய்கிறோம்? மேனேஜரும் சாமி, டீக்கடைப் பையனும் சாமி, சொந்தப் பெயர் போய்விடும், செருப்பு கிடையாது, சினிமா கிடையாது. அதையே 24 மாதத்துக்கு நீட்டுங்கள். எல்டர் என்பது அந்தச் சாமி மாதிரிதான், குகன் அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு வருடம் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, குடும்பப் பெயர்தான்.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

மாலை உவமை அழகு, ஆனால் மாலை போட்டவர் அடுத்த வீட்டுக்காரனை மாலை போடச் சொல்லிக் கதவைத் தட்டுவதில்லையே. காசு விஷயத்துக்கும் பதில் வரவில்லை.

பழைய_எல்டர் எழுதியது:

கதவு தட்டுவது பற்றிய உங்கள் பேச்சு நியாயம், மறுக்கவில்லை.

காசு: ஆமாம், போகிறவரோ குடும்பமோதான் கட்ட வேண்டும். அமெரிக்கப் பையன்கள் மாதம் 400 டாலர் கட்டிவந்தார்கள், 2020 ஜூலையிலிருந்து 500. ஆப்பிரிக்கா போனாலும் ஜப்பான் போனாலும் அதே தொகைதான், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஊருக்கு ஊர் ஆகும் செலவுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் டோக்கியோ போகிறவன் குடும்பம் திவாலாகிவிடும். என்னை மாதிரிக் கட்ட முடியாதவர்களுக்குச் சபையின் நிதியிலிருந்து உதவி உண்டு. நான் மாதம் கட்டியது மிகக் குறைவு, அதையும் அப்பா முனகிக்கொண்டேதான் அனுப்பினார்.

லீஹைவாசி எழுதியது:

அந்தப் பையன் எட்டாம் வகுப்பிலிருந்து புல் வெட்டிச் சேர்த்த காசு அது. பனி தள்ளியதற்கு என்னிடம் மட்டும் ஏன் வாங்கவில்லை என்று இப்போது உறுத்துகிறது.

எல்டர் அண்ணா, அவனுடைய கம்பானியன் பிரேசில்காரன், ஆங்கிலம் அறவே தெரியாது என்று அவன் அம்மா சொன்னார். அப்படியும் போடுவார்களா?

பழைய_எல்டர் எழுதியது:

போடுவார்கள், வேண்டுமென்றே. மொழி சீக்கிரம் வரும். ப்ரோவோவில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே சில வாரம் போர்த்துகீசியம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அது ஜெபம் செய்யவும் வழி கேட்கவும் காணும். மீதி தெருவில்தான். அந்த ஊரில் இறங்கிய முதல் வாரம் எல்லாரும் கேலி செய்யும்படி பேசியிருப்பான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்போது வீட்டுக்குப் போன் வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். மற்ற வாரமெல்லாம் மின்னஞ்சல், அதுவும் திங்கட்கிழமை பிரௌசிங் சென்டரில், பக்கத்து நாற்காலியில் ஜோடி. 2009 கிறிஸ்துமஸ் அன்று எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டேன். அம்மா "சாப்பிட்டியாடா" என்றார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை, மீட்டர் மட்டும் ஓடுகிறது. ஐடஹோக்காரன் ஒரு கை தூரத்தில் நிற்கிறான். அப்போதுதான் உறைத்தது, இவனுக்குத் தமிழ் தெரியாது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே நினைத்ததையெல்லாம் பேசினேன். சோறு பிடிக்கவில்லை, கூட இருப்பவன் ராத்திரி பல்லைக் கடிக்கிறான், திரும்பி வந்துவிடட்டுமா, எல்லாம். பேசப் பேச அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறான், நான் ஏதோ சாட்சி சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, தை வரைக்கும் பாரு" என்றார். தை வந்ததும் ஆடி வரைக்கும் பார் என்று எழுதினார்.

அப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. துணி துவைக்கும்போது தமிழில் முணுமுணுப்பேன். ஜெபமா என்று கேட்பான். ஆமாம் என்பேன்.

2019 பிப்ரவரியில் விதியை மாற்றி வாரா வாரம் வீட்டுக்குப் பேசலாம், வீடியோவிலும் பேசலாம் என்று ஆக்கிவிட்டார்கள். என் காலத்தில் அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா, இல்லை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெட்டியைக் கட்டியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம். பெட்டி கட்டுகிற மனநிலைக்கு மிஷன் பேச்சில் ட்ரங்கி என்று பெயர், புதிதாக வந்தவன் க்ரீனி. முதல் பயிற்சி கொடுப்பவர் உன் அப்பா, கடைசி ஜோடி உன்னைக் கொன்றவன், ஏனென்றால் மிஷன் முடிவதைச் சாவு என்போம். பத்தொன்பது வயதுப் பையன்கள் கூடினால் வேறென்ன பேசுவார்கள்.

பாரிஸ்_கலா எழுதியது:

பையன்களைப் பற்றியே பேசுகிறீர்களே, பெண்களும் போகிறார்கள். அவர்களுக்கு 18 மாதம், பெயருக்கு முன்னால் சிஸ்டர். முன்பு 21 வயது ஆக வேண்டும், 2012-ல்தான் 19 ஆக்கினார்கள் (2025-ல் அதுவும் 18 ஆகிவிட்டது), அதே 2012 அறிவிப்பில் பையன்களுக்கு 19 என்பது 18 ஆனது. அதற்கப்புறம் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பகுதியில் இரண்டு பேர் வாரத்துக்கு ஒரு மாலை இலவச ஆங்கில வகுப்பு நடத்தினார்கள், என் மகளை அனுப்பினேன். மதம் பற்றி வகுப்பில் பேச்சே எடுக்கவில்லை, முடிந்தபிறகு விருப்பமா என்று ஒரு தடவை கேட்டார்கள், வேண்டாம் என்றேன், அடுத்த வாரமும் அதே சிரிப்போடு வகுப்பு எடுத்தார்கள். நவம்பர் மழையில் பாவாடையோடு சைக்கிள் ஓட்டி வருவார்கள். 2018 கடைசியில்தான் கால்சட்டை போட அனுமதி வந்தது. வந்தபோது அந்தப் பெண் சொன்னாள், கடவுள் கேட்ட முதல் ஜெபம் இதுதானாம்.

பிரான்ஸ் என்றதும் மிட் ராம்னியைச் சொல்லாமல் முடியாது. 2012-ல் ஒபாமாவோடு மோதியவரேதான். 1966-லிருந்து 1968 வரை இங்கே மிஷனில் இருந்தார். வைன் ஊரில் வைன் குடிக்காதே என்று சொல்லப் போனால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்று யோசியுங்கள். 1968 ஜூனில் தெற்கே அவர் ஓட்டிவந்த காரில் எதிரே வந்த வண்டி மோதி, கூட வந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்துபோனார். ராம்னியே செத்துவிட்டார் என்று முதலில் நினைத்துவிட்டார்களாம். அப்போது அவருக்கு 21 வயது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

சென்னைக்கும் வந்திருக்கிறார்கள், அதுவும் 1853-ல். ரிச்சர்ட் பாலன்டைன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியை 1849-ல் தொடங்கியவர். மனைவி மக்களை விட்டுவிட்டு, பணப்பையும் சாமான் பையும் இல்லாமல் போகிற இடத்தில் கிடைப்பதைச் சாப்பிட்டுக்கொள்வது என்ற முறையில் கப்பலேறி, கல்கத்தா வழியாக மதராஸ் வந்து சேர்ந்தார். இங்கிருந்த ஆங்கிலேயர்களிடம் பேசிப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த வருடமே திரும்பிவிட்டார். மாதம் 500 டாலர், வாராந்திர வீடியோ எல்லாம் அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ.

இன்னொன்று, மார்மன் என்று கூப்பிடுவதை அவர்களே இப்போது விரும்புவதில்லை. 2018-ல் அப்போதைய சபைத் தலைவர் நெல்சன் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. டைப் அடித்தே கை வலிக்கிறது.

சும்மா_கேட்கிறேன் எழுதியது:

பழைய எல்டரிடம் கடைசியாக ஒன்று. பாதியில் திரும்பி வந்தவர்கள் உண்டா? வந்தால் என்ன ஆகும்?

பழைய_எல்டர் எழுதியது:

உண்டு. உடம்பு சரியில்லாமல், மனசு சரியில்லாமல், நம்பிக்கை போய். கதவில் பூட்டு இல்லை, டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஊரில் போய் இறங்குவதுதான் பிரச்சினை. எனக்கு அது தெரியாது, கோயம்புத்தூரில் நான் எதற்குப் போனேன் என்பதே தெருவில் யாருக்கும் தெரியாது, துபாயிலிருந்து வந்தேன் என்று நினைத்தார்கள். யூட்டாவில் அப்படியில்லை. போகும்போது நாற்பது பேர் கூடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த நாற்பது பேர் முகத்திலும் விழிக்க வேண்டும். ஐடஹோக்காரன் அந்தக் குழாயைத் திறந்துவிட்டு அழுததற்கு வீட்டு நினைவு பாதி, இது பாதி என்று பின்னாளில் எழுதினான். அவன் முழு இரண்டு வருடத்தையும் முடித்தான். அது நல்லதுக்கா என்று அவனிடம் கேட்டதில்லை.

இதற்குப் பெயர் ஊழியமா என்று நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஆம் இல்லை என்று பதில் கிடையாது. தெலுங்கு பேசுவேன், எந்த அறையிலும் யாரோடும் ஆறு வாரம் தள்ளிவிடுவேன், என் மனைவி அதற்கு சாட்சி. அந்த வயதில் என் கூட்டாளிகள் கல்லூரியில் இருந்தார்கள், அந்த இரண்டு வருடம் எனக்குத் திரும்பி வரவும் இல்லை.

குகன்_ஸ்கார்பரோ எழுதியது:

அண்ணை, ரெசிஃபி கடற்கரை ஊர் அல்லவா. பெடியன் கடலிலாவது குளிக்கிறானோ?

பழைய_எல்டர் எழுதியது:

மிஷனில் நீச்சல் கிடையாது. இரண்டு வருடமும் கடலைக் கரையிலிருந்து பார்க்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

அந்த ஊரில் அது நல்லதுதான். போவா வியாஜெம் கடற்கரையில் சுறா ஜாக்கிரதை என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

லீஹைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு புதுச் செய்தி. இன்று திங்கட்கிழமை, வீட்டிலிருந்துதான் வேலை. காலை ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி வரச் சொன்னார், மகன் வீடியோவில் இருக்கிறான், உங்களிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். போனேன். ஆள் கறுத்திருக்கிறான், முகம் நிறைந்திருக்கிறது. பின்னால் கயிற்றில் வெள்ளைச் சட்டைகள் காய்கின்றன, ஒரு மின்விசிறி, இன்னொரு பையன் தரையில் உட்கார்ந்து ஏதோ தைக்கிறான். ரெசிஃபி என்று நான் சொன்னால் சிரிக்கிறான், ஹெசீஃபி என்று சொல்ல வேண்டுமாம். பேசும்போது நடுநடுவே ஆங்கில வார்த்தை கிடைக்காமல் கையை ஆட்டுகிறான், அவன் அம்மா எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் நிறுத்தாமல் பேசினான், அரை மணி நேரம், தங்கை வைத்த நாய்க்குட்டியிலிருந்து முதலாளி மாதிரி நடந்துகொள்ளும் ஒரு ஆள் வரைக்கும். தைக்கிற பையனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, அவன் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். எல்டர் அண்ணாவின் எஸ்டிடி பூத் ஞாபகம் வந்துவிட்டது, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் என்னிடம் கேட்டது: வழியனுப்பு விழாவுக்கு என் மனைவி செய்து கொடுத்த மஞ்சள் சோற்றை எப்படிச் செய்வது? எலுமிச்சை சாதம். ஜோடிக்குப் பிறந்தநாள் வருகிறதாம். பார்சல் வேண்டாம், சுங்கத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும் என்றான். எலுமிச்சை அங்கே மலிவு, மஞ்சள்தூளும் கடுகும் வேர்க்கடலையும் பார்த்திருக்கிறானாம். கறிவேப்பிலைக்கு என்ன செய்வது? என் மனைவி அது இல்லாமல் எலுமிச்சை சாதமே இல்லை என்கிறாள்.

பாரிஸ்_கலா எழுதியது:

இல்லாவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். வேறு இலையைப் போட்டுக் கெடுக்க வேண்டாம்.

பழைய_எல்டர் எழுதியது:

அந்தப் பக்கத்தில் கொத்தமல்லித்தழை இல்லாத குழம்பே கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கடைசியில் அதைக் கிள்ளிப் போடட்டும். முக்கியம், சாதத்தை ஆறவிட்டுச் சாற்றைப் பிழியச் சொல்லுங்கள், சூட்டில் பிழிந்தால் கசக்கும். விசாகப்பட்டினத்தில் ஒருமுறை அவசரப்பட்டு அப்படிச் செய்துவிட்டேன், என் ஜோடி ஒன்றும் சொல்லாமல் முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை பட்டியலில் "சமையல்: நான்" என்று எழுதி ஒட்டியிருந்தான்.